பெயர்ப்பலகை இல்லாத ஃபைபர் பட்டறை: அப்பாவின் பழைய படகை ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கிய கதை

பெயர்ப்பலகையே இல்லாத ஒரு ஃபைபர் படகு ரிப்பேர் பட்டறைக்கு ரிவ்யூ எழுதுகிறேன், எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள், அதனால் வழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ரோட்டில் வந்தால் உச்சிப்புளி, வேதாளை தாண்டி மரைக்காயர்பட்டினம் வருவதற்கு முன்னால் வலது கைப் பக்கம், அதாவது தென்கடல் பக்கம், கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு மண் பாதை இறங்கும். பாதை முனையில் அணியம், அதாவது முன்பக்கம், மட்டும் மிஞ்சிய ஒரு உடைந்த படகை நட்டு வைத்திருப்பார்கள். அதுதான் போர்டு. உள்ளே போனால் ரெண்டு கீற்றுக் கொட்டகை, ஃபைபரை ஒட்டுகிற ரெசின் பிசினின் மூக்கைத் துளைக்கும் வாடை, ஒரு நாய். மேஸ்திரி அங்கே இருப்பார், இல்லையென்றால் எங்கே இருக்கிறார் என்று அந்த நாய்க்கும் தெரியாது. அந்தக் குறையைப் பிறகு பேசுவோம்.

படகு எங்கள் அப்பாவுடையது. 24 அடி, பாம்பன் தெற்குவாடியில் கிடந்தது. 2006இல் வாங்கினார். சுனாமிக்கு அப்புறம் தமிழ்நாட்டுக் கடற்கரை முழுக்க ஃபைபர் படகு வந்து இறங்கிய காலம் அது, கட்டுமரமும் வத்தை என்கிற மரப்படகும் வைத்திருந்தவர்கள் எல்லாம் ஃபைபருக்கு மாறினார்கள், அவசரத்தில் மெலிசாகச் செய்து தள்ளிய படகுகளும் அதில் உண்டு. அப்பா காசு கொடுத்து, பக்கத்திலேயே நின்று அடியை நல்ல கனமாகப் போடச் சொல்லி வாங்கினார், அதைப் பற்றி இன்றைக்கும் வீட்டில் பேச்சு வந்தால் அரைமணி நேரம் போகும். மூட்டு வலி வந்து அவர் கடலை விட்ட பிறகு படகு இரண்டு வருடம் பனைமரத்தடியில் மல்லாந்து கிடந்தது. மழைத் தண்ணீர் நிரம்பி, தவளை குடியேறி, யாரோ ஒரு புண்ணியவான் அதற்குள் வலை கிழிசலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார். இந்த வருடம் தம்பி நண்டு வலைக்குப் போகிறேன் என்று சொன்னதும்தான் அதைத் திரும்பிப் பார்த்தோம்.

இந்தப் பட்டறைக்கு வருவதற்கு முன்னால் வேறொரு இடத்தில் ஒருமுறை ஏமாந்திருக்கிறோம், பெயர் வேண்டாம். அப்பா கடலுக்குப் போன கடைசி வருடம், பாரில், அதாவது கடலடிப் பாறையில், உரசி ஏரா (படகின் அடி நடுத்தண்டு) ஓரமாக முக்கால் முழத்துக்கு ஒரு விரிசல். அங்கே கொடுத்தோம், இரண்டே நாளில் பளபளவென்று பெயின்ட் அடித்துத் தந்தார்கள், எங்களுக்கும் சந்தோஷம். இரண்டாவது முறை கடலுக்குப் போனபோதே தண்ணீர் ஊற ஆரம்பித்துவிட்டது. ஃபைபர் வேலையில் உள்ள பெரிய வில்லங்கமே இதுதான், பெயின்ட் அடித்துவிட்டால் நல்ல வேலையும் கள்ள வேலையும் ஒரே மாதிரிதான் இருக்கும். கடலுக்குப் போனால்தான் வித்தியாசம் தெரியும், தெரியும்போது நாம் கரையில் இருக்க மாட்டோம்.

சரி, இந்த மேஸ்திரி. டிராக்டர் டிரெய்லரில் படகை ஏற்றி, பாம்பன் பாலத்தில் ரயில் பாலத்தைப் படம் எடுக்க வண்டியை நிறுத்தி வைத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து வந்து, வேதாளைப் பக்கம் இறக்கும்போது மதியம் மூன்று மணி. வந்ததும் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, கவிழ்த்துப் போட்ட படகின் அடியை அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே போனார். டிங், டிங், டிங் என்று வந்த சத்தம் விரிசல் பக்கம் வந்ததும் தொப், தொப் என்று மாறியது. நல்ல தேங்காய்க்கும் அழுகல் தேங்காய்க்கும் உள்ள வித்தியாசம், எனக்கே கேட்டது. அடுக்கு அடுக்காக ஒட்டிய ஃபைபர் உள்ளுக்குள் விட்டுப்போன இடமாம் அது. சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டுக்கொண்டே போனார், முடித்தபோது பதினோரு வட்டம். நாங்கள் காட்டியது ஒரு விரிசல்.

அப்புறம் பழைய ஒட்டை ஒரு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். அப்பளம் மாதிரி முழுசாகக் கழன்று வந்தது. உள்ளே மேட் என்கிற கண்ணாடி இழைப் பாயும் இல்லை, ரோவிங் என்கிற நெய்த இழைத் துணியும் இல்லை, வெறும் பட்டி, அதுவும் பழைய பெயின்ட்டைத் தேய்க்காமல் அதன் மேலேயே அப்பியிருந்தார்கள். அதைக் கையில் கொடுத்து, "வீட்டுல மாட்டி வைங்க தம்பி" என்றார். அப்பா சிரிக்கவில்லை.

அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்களும் இருந்தன. ஒன்றைக் குத்திக் காட்டினார், ஒரு சொட்டு தண்ணீர் வந்தது, புளித்த காடி வாடை. வருடக்கணக்காக நங்கூரம் போட்டுத் தண்ணீரிலேயே நிற்கும் படகில் ஜெல்கோட் என்கிற மேல்பூச்சைத் தாண்டி ஈரம் ஊறி இப்படி ஆகும் என்றார். இது உயிர் போகும் வியாதி இல்லை, ஆனால் காய வைக்காமல் மேலே எதைப் பூசினாலும் நிற்காது.

இந்தக் காய வைக்கிற விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் முதல் சண்டை. பன்னிரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்றவர் முதல் ஒன்பது நாள் படகில் ஒரு அடுக்குகூடப் போடவில்லை. அமரத்தில், அதாவது படகின் பின்பக்கம், உள்ள ஃபோம் பெட்டியின் அடியில் நாலு ஓட்டை போட்டு, படகைச் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் மூன்று நாள் சொட்டியது. நாலாம் நாள் பெட்டியை அறுத்துத் திறந்தால் உள்ளே மஞ்சள் ஃபோம், பிழிந்தால் ஊற்றுகிறது. படகு மூழ்காமல் இருக்க வைத்த சாமான் பத்துப் பதினைந்து வருடம் தண்ணீரைக் குடித்துவிட்டு நேர் எதிர் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. முன்பெல்லாம் ஆறு பேர் தள்ளிய படகுக்குக் கடைசி வருடம் பத்துப் பேர் ஏன் தேவைப்பட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. இன்ஜின் மாட்டுகிற பின்பலகை அதைவிட மோசம், வெளியே ஃபைபர் தோல் நன்றாகத்தான் இருந்தது, உள்ளே பிளைவுட் டீயில் முக்கிய ரஸ்க். பழைய போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதில் 9.9 குதிரைத்திறன் இன்ஜினை மாட்டி முழு வேகத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தம்பி கேட்டான், மேஸ்திரி "இன்ஜின் முன்னாடி போயிருக்கும், நீ பின்னாடி நீந்திப் போயிருப்ப" என்றார்.

கிரைண்டிங் நாளில் நானும் இருந்தேன். 36ஆம் நம்பர் சொரசொர டிஸ்க்கைப் போட்டு விரிசலைச் சுற்றித் தேய்த்தார்கள். விரிசல் ஒரு விரல் அகலம், தேய்த்தது இரண்டு பக்கமும் நாலு நாலு இஞ்ச். ஏன் இவ்வளவு என்றால், அடியின் கனம் 8 மில்லி, கனத்தைப் போல 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாக இறக்கினால்தான் புது அடுக்குகள் ஒவ்வொன்றும் பழைய ஃபைபரில் உட்காரப் பரப்பு கிடைக்கும். கணக்குப் போட்டால் 96 மில்லி, நாலு இஞ்சுக்குக் கொஞ்சம் கீழே. அவர் கணக்கெல்லாம் போடவில்லை, கையை விரித்து வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது.

அந்தத் தூசி இருக்கிறதே. கண்ணாடித் தூள்தான் அது, உடம்பில் பட்டால் இரண்டு நாள் அரிப்பு. வேலை செய்கிற பையன்கள் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. எனக்கு மனசு கேட்காமல் மருந்துக் கடையில் ஒரு டப்பா மாஸ்க் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் போனபோது அதில் ஒன்றை வைத்துப் பெயின்ட் வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த விஷயத்தில் பட்டறைக்கு என்னிடம் மார்க் கிடையாது, அந்தப் பையன்களின் நெஞ்சுதானே அது. இன்னொன்று, அன்றைக்குக் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, தூக்கி அடித்து அவ்வளவு தூசியும் வடக்கே பக்கத்துக் கொல்லையில் காய்ந்துகொண்டிருந்த நெத்திலிக் கருவாட்டின் மேல் போய் விழுந்தது. அந்த அக்கா வந்து பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் கருவாடு மொத்தத்தையும் விலைக்கு வாங்கிக் குழி வெட்டிப் புதைத்தார். என் பில்லில் அது ஏறியதா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

ரெசின் வேலை காலையில்தான். ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு நிறுத்திவிடுவார், அதற்கு மேல் வெயிலில் கலவை மக்கிலேயே கட்டியாகிவிடும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி வைத்துக்கொண்டு, பூசுவதற்குச் சற்று முன்பு ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டை ஊசி சிரிஞ்சில் அளந்து விடுகிறார், ஒரு கிலோவுக்கு பத்து மில்லி, வெயில் ஏறினால் அதற்கும் கொஞ்சம் குறைவு. கோபால்ட் பாட்டிலும் கேட்டலிஸ்ட் பாட்டிலும் கொட்டகையின் எதிரெதிர் மூலையில் இருக்கின்றன. இரண்டும் நேராகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். வீட்டில் தானே செய்து பார்க்கலாம் என்று வீடியோ பார்த்துக் கிளம்புகிறவர்கள் இதை மட்டும் இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் பையன் ஒருவன் கை தவறி அதிகமாக விட்டுவிட்டான், பிளாஸ்டிக் மக் நெளிந்து புகைய ஆரம்பித்தது, மேஸ்திரி அதை அப்படியே காலால் தட்டி மணலில் உருட்டிவிட்டு அடுத்த மக்கைக் கலக்கச் சொன்னார். திட்டவில்லை. அரை கிலோ ரெசின் போச்சு, அவ்வளவுதான்.

அடுக்கு விவரம் கேட்கிறவர்களுக்காக: விரிசல் இடத்தில் (சதுர மீட்டருக்கு) 450 கிராம் மேட், அதன் மேல் 610 கிராம் ரோவிங், திரும்ப மேட், இப்படி மாற்றி மாற்றிப் பழைய கனம் வரும்வரை. ஏரா முழு நீளத்துக்கும் கூடுதலாக இரண்டு மேட், கரையில் இழுக்கும்போது தேய்வது அங்கேதான். ரெசினில் சாதாரண ஜிபி வகை வேண்டாம், ஐசோ வகை போடுங்கள் என்று நான் சொன்னேன், விலை கூடும், சம்மதமா என்று கேட்டுவிட்டுப் போட்டார். தண்ணீர் தாங்குவதில் ஐசோ மேல். நான் நெட்டில் படித்துவிட்டு எபாக்சி என்கிற வேறு வகை ரெசின் பற்றியும் கேட்டேன். பழைய ஃபைபரில் பிடிப்பதற்கு அது நல்லதுதான், ஆனால் எபாக்சி போட்ட இடத்துக்கு மேல் நாளைக்கு யாராவது சாதா ரெசின் போட்டால் ஒட்டாது, இந்தக் கரையில் ஒரு அவசரம் என்றால் எவன் எபாக்சி வைத்திருப்பான் என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அது சரியென்றுதான் பட்டது. அடி முழுவதற்கும் புதுசாக இரண்டு அடுக்கு இழுத்துவிடலாமே என்று அப்பா கேட்டதற்கும் மாட்டேன் என்றார், "எடை ஏறும், காலத்துக்கும் எண்ணெய் குடிக்கும், நல்லா இருக்கிற இடத்தை எதுக்குத் தொடணும்". போட்டிருந்தால் அவருக்குத்தான் கூடுதல் காசு.

ஃபோம் பெட்டிக்குள் இந்த முறை தெர்மாகோல். எனக்கு இன்னும் அரை மனசுதான், ஆனால் பாலித்தீன் தாளில் மூன்று சுற்று சுற்றி ஒட்டிய பிறகே உள்ளே வைத்தார். ஏன் சுற்ற வேண்டும் என்று கேட்டபோது, ஒரு துண்டு தெர்மாகோலை மணலில் வைத்து மேலே ஒரு கரண்டி ரெசினை ஊற்றினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கற்பூரம் மாதிரி கரைந்து, பள்ளம் விழுந்து, கடைசியில் ஒரு பிசின் மட்டும் மிஞ்சியது. தம்பி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

இப்போது இந்தப் பட்டறையை நான் ஏன் சிபாரிசு செய்கிறேன் என்பதற்கு வருகிறேன். இருபத்திமூன்றாம் நாள் காலையில் போன். "நாளைக்குக் கலர் போடப் போறேன், இன்னைக்கு வந்து பாத்துட்டுப் போங்க." நான் அலுவலகத்தில் இருக்கிறேன், நீங்களே பார்த்துப் போட்டுவிடுங்கள் என்றேன். "நீங்க வராம போட மாட்டேன்" என்று வைத்துவிட்டார். எரிச்சலோடுதான் போனேன். ஆனால் அன்றைக்குப் பார்த்ததுதான் உண்மையான வேலை. பெயின்ட் இல்லாத ஃபைபர் தேன் மாதிரி ஒரு நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ரோவிங்கின் கட்டம் தெரிகிறது. எங்கேயாவது வெள்ளை வெள்ளையாகத் திட்டு இருந்தால் அங்கே காற்று நின்றிருக்கிறது, அல்லது ரெசின் குடிக்காத காய்ந்த மேட் என்று அர்த்தம். பின்பலகைப் பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்கு இரண்டு திட்டு இருந்தது, அவரே காட்டினார், அதை என் கண் முன்னாலேயே தேய்த்தெடுத்து மறுபடி போட்டார். அசிட்டோனில் நனைத்த துணியைக் கையில் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் துடைத்துப் பாருங்கள், பிசுபிசுப்பு வந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம் என்றார். துடைத்தேன், எங்கேயும் ஒட்டவில்லை. வேறு எந்தப் பட்டறையில் கொடுத்தாலும் இந்த ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள், கலர் அடிப்பதற்கு முன்னால் பார்க்க விடமாட்டேன் என்றால் டிரெய்லரைத் திருப்பிவிடுங்கள்.

இனி குறைகள். பன்னிரண்டு நாள் சொன்னது முப்பத்தொரு நாள் ஆனது. இதில் பாதிப் பழி என் மேல், நான் படகைக் கொண்டுபோனது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு அத்தனையும் கரையில், பலகைப் படகுகளுக்கு மேல் ஃபைபர் கோட்டிங் போட எல்லா மேஸ்திரியையும் அப்போதுதான் இழுப்பார்கள். நம்மைப் போல நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, ஆனால் பட்டறை நமக்குக் கிடைக்காது. இடையில் ஆறு நாள் அவர் ஆளே இல்லை, போன் அணைத்துக் கிடந்தது, ஏதோ விசைப்படகு வேலைக்குப் போய்விட்டு வந்து "ஒரு அவசரம்" என்று மட்டும் சொன்னார். எங்களுக்கு அவசரம் இல்லையாக்கும். வாடை மழை ஓய்ந்து பிப்ரவரி, மார்ச்சில் கொடுப்பது உத்தமம், ஈரமும் இருக்காது, கச்சானும் வந்திருக்காது.

இரண்டாவது, பின்பலகை உயரம். எங்கள் இன்ஜின் லாங் ஷாஃப்ட், அதாவது தண்டு நீளமான ரகம், 20 இஞ்ச். அவர் புதுப் பலகையை ஒன்றரை இஞ்ச் கூடுதலாக விட்டுவிட்டார். முதல் நாள் வெள்ளோட்டத்தில் அலை தூக்கும்போதெல்லாம் புரொப்பெல்லர் காற்றைக் குடித்து இன்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை. அப்பா கரையிலிருந்தே சத்தத்தைக் கேட்டுவிட்டு "பலகை ஒசரம்" என்றார், அளந்தால் அப்பா சொன்னதுதான் சரி. போன் செய்தோம், மறுநாள் காலையில் பைக்கில் மிஷினைக் கட்டிக்கொண்டு பாம்பனுக்கே வந்தார், அறுத்து, வெட்டிய விளிம்பில் பிளைவுட் தெரியாமல் மேட் போட்டு மூடி, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. தப்பு அவருடையது, மறுக்கவும் இல்லை.

செலவு: முதலில் சொன்னது 38,000, கடைசியில் 46,500. கூடியது ஐசோ ரெசின், மரைன் பிளை, ஸ்டெயின்லெஸ் போல்ட், இவைகளுக்கு. நோட்டுப் புத்தகத் தாளில் பென்சிலால் எழுதிய பில், கூட்டலில் 400 ரூபாய் அவருக்கே நட்டமாகப் போட்டிருந்தார், சொல்லித் திருத்திக் கொடுத்தேன். புதுப் படகு என்று போனால் இதைப் போலப் பல மடங்கு வேண்டும். பெயின்ட் வேலை சுமார்தான், அணியத்தில் வடிந்த தடம் தெரிகிறது, பதிவு எண்ணை எழுதியவர் யாரோ கடைசி இரண்டு எழுத்தை நெருக்கிவிட்டார். அழகு பார்க்கிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.

ஐந்து மாதம் ஆகிவிட்டது, கச்சான் முழுக்கத் தம்பி ஓட்டிவிட்டான். ஏராவில் தேய்மானம் உண்டு, விரிசல் இல்லை. தள்ளுவதற்குத் திரும்ப ஆறு பேர் போதும். தண்ணீர் இறைக்க அப்பா வெட்டி வைத்திருந்த பழைய எண்ணெய் டப்பாவில் இப்போது தம்பி தூண்டில் முள்ளும் பீடியும் வைத்திருக்கிறான், பீடி நனையாமல் இருக்கிறது.

போகிறவர்கள் காலை ஏழு மணிக்கு முன்னால் போங்கள், அப்போதுதான் ஆள் இருப்பார். அட்வான்ஸ் கொடுத்தால் அவர் நோட்டில் எழுதச் சொல்லி, அதை உங்கள் போனிலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏமாற்ற மாட்டார், ஆனால் மறந்துவிடுவார், என்னிடம் கடைசி நாளில் 5,000 அட்வான்ஸை இன்னொரு முறை கேட்டார், படத்தைக் காட்டியதும் நாக்கைக் கடித்துக்கொண்டு நாய்க்கு பிஸ்கட் போடப் போய்விட்டார்.